கால எல்லையற்ற அதிகாரம்

மன்னராட்சியைத் துரத்திய உரோமர், தனியொருவன் கையில் அதிகாரம் குவிவதைக் கண்டு அஞ்சினர். அவ்வச்சத்தின் வடிவமே அவர்களது குடியரசு எனலாம். ஆண்டுக்கு இரு கொன்சல்கள். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். ஆண்டு முடிய இருவரும் விலகிவிட வேண்டும். ஆயினும் பகைவர் நகர வாயிலை நெருங்கும் வேளையில் இருவர் வாதாடிக் கொண்டிருத்தல் இயலாது. ஆதலின், பேரிடர்க் காலத்தில் ஒருவனிடமே அதிகாரம் முழுவதையும் ஒப்படைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். அவனை ‘டிக்ரேற்றர்’ என்றனர். சர்வாதிகாரி என இன்று வசைச்சொல்லாய் வழங்குவது அன்று சட்டபூர்வமான ஒரு பதவியாகும்.

அப்பதவிக்கு ஆறு மாதங்களே எல்லை. (மக்களின் அனுமதியின்றிக் குதிரை ஏறும் உரிமைகூட அவனுக்கு இருக்கவில்லை!) கி.மு. 458 இல் வயலிலிருந்து அழைத்து வரப்பட்ட சின்சினாற்றஸ், பகைவரை வென்று பதினாறாம் நாளே பதவியைத் துறந்தான் என்பது மரபு. கதையில் மிகை இருக்கலாம். எனினும், அச்சமுதாயம் எத்தகைய தலைவனை வியந்து போற்றியது என்பதற்கு அது தக்க சான்று.

கி.மு. 202 இன் பின்னர் நூற்றிருபது ஆண்டுகள் எவரும் அப்பதவியில் அமர்த்தப்படவில்லை. கி.மு. 82 இல் சுல்லா படைபலத்தால் அதனைப் பெற்றபோது பெயர் மட்டுமே பழையது; கால எல்லை அகன்றுவிட்டது. கொல்லப்பட வேண்டியோரின் பெயர்ப் பட்டியல்கள் பகிரங்கமாக வைக்கப்பட்டன. சுல்லா பின்னர் தானாகவே பதவி துறந்ததைப் பெருந்தன்மை என்போர் உளர். விலகுவதும் விலகாதிருப்பதும் அவனது விருப்பமாகிவிட்டதே கேடு என்பதை அவர்கள் நோக்குவதில்லை. சீசரோ முதலிற் பதினொரு நாட்கள், பின் ஓராண்டு, பின் பத்தாண்டு, ஈற்றில் கி.மு. 44 இல் ஆயுள் முழுவதற்கும் அப்பதவியைப் பெற்றான்.

அவன் கொலையுண்டதும் அன்ரனி அப்பதவியையே சட்டத்தால் ஒழித்தான். கி.மு. 22 இல் பஞ்சத்தால் வாடிய மக்கள் மன்றாடியும் ஒகஸ்ரஸ் அதனை ஏற்க மறுத்தான். ஏற்கும் தேவை அவனுக்கு இருக்கவில்லை. முந்திய ஆண்டிலேயே, திறிபியூன் பதவியை வகிக்காது அப்பதவிக்குரிய அதிகாரங்களை ஆயுட்காலத்துக்கும் அவன் பெற்றிருந்தான். வெறுக்கப்பட்ட பெயர் ஒழிந்தது, பொருள் நிலைத்தது.

இலங்கையருக்கு இது தொலைதூரக் கதையன்று. இங்கு 1971 மார்ச்சிற் பிரகடனமான அவசரகால நிலை 1977 பெப்ரவரி வரை நீடித்தது. 1979 இல் நிறைவேறிய பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், மூன்றாண்டுகளுக்கென்றே இயற்றப்பட்டது. 1982 இன் திருத்தம் அவ்வெல்லையை நீக்கியது. பெயரிலுள்ள ‘தற்காலிக’ என்னும் சொல்லை நீக்க எவரும் முற்படவில்லை. அமைச்சரின் கட்டளையால் ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் வரை விசாரணையின்றித் தடுத்துவைக்க அச்சட்டம் இடமளித்தது. அது பன்னிரண்டு மாதங்களாகக் குறைக்கப்பட்டது 2022 இலேயே.