ஒரு தடவை அமுக்குவது

பொத்தானை ஒரு தடவை அமுக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அப்படி ஒரு தடவை கிடையாது.

பக்கவாதம் வந்து தேறியபின் அப்பாவின் வலதுகை நடுக்கம் நிற்கவில்லை. குரலும் ஒடுங்கிவிட்டது. தென்காசியில் எங்கள் வீடு நீளமானது. முன்னறையில் அவர், பின்கட்டில் அம்மாவும் நானும். கட்டிலோரம் ஒரு பொத்தான், பின்கட்டில் ஒரு பஸ்ஸர், நடுவில் ஒரு ஆர்டுயினோ உனோ பலகை. அரைநாள் வேலை.

பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் துண்டுகள் ஒரேயடியாகச் சேர்ந்துவிடுவதில்லை. சில மில்லி செகண்டுகள் துள்ளி, தொட்டு விலகி, பிறகே அடங்குகின்றன. நமக்கு அது ஒரு தொடுகை. நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலருக்குப் பல. ஆகவே முதல் செய்தியை நம்பாதே, 20 மில்லி செகண்ட் கழித்து மறுபடி பார், அப்போதும் அமுங்கியிருந்தால் ஒப்புக்கொள் என்று எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன்.

2024 ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்தது. குற்றாலத்துக்கு அது சீசன். எங்கள் சுவர்களுக்கு ஓதம். ராத்திரிகளில் யாரும் அமுக்காமலே பஸ்ஸர் அலறியது. அம்மா எழுந்து எழுந்து ஓடினாள். 300 மில்லி செகண்ட் இடைவிடாமல் அமுங்கியிருந்தால் மட்டும் அடி என்று புரோகிராமை மாற்றினேன். வீடு அமைதியாயிற்று.

நான்காம் நாள் காலையில் அப்பா ஈரப் படுக்கையில் கிடந்தார். "அமுக்கினேன்ல. எனக்குத்தான் சரியா அமுக்கத் தெரியல போல" என்றார். நடுங்குகிற விரல் 300 மில்லி செகண்ட் நிலைத்து நிற்காது. ஒவ்வொரு நடுக்கத்திலும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது.

அந்த ஏப்ரல் 19 அன்று ஓட்டுப்போட்டு வெளியே வந்தபோது அவர் சொன்னது ஞாபகம் வந்தது: "கை நிக்க மாட்டேங்கு. நாலு தடவை அமுக்கிட்டேன்ல. நாலு ஓட்டும் விழுந்திருக்குமோ?" விழாது. 1982-இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாகப் பயன்பட்ட அந்த இயந்திரத்தின் ஏற்பாடு வேறு. சாவடி அலுவலர் தம் பக்கத்துப் பொத்தானை அமுக்கித் திறந்துவிட்டால், வாக்காளரின் முதல் அமுக்கலே ஓட்டு. அதன்பின் அவர் திறக்கும்வரை எத்தனை அமுக்கினாலும் அது செவிடு. நிரூபி, பிறகு நம்புகிறேன் என்று அது விரலிடம் கேட்பதில்லை.

அன்றே மாற்றி எழுதினேன்: முதல் தொடுகையிலேயே அடி, பின் 2 நொடி எதையும் கேளாதே. அப்படியென்றால் பொய்ச் சத்தத்தை அதன் இடத்திலேயே தேடியாக வேண்டும். வயரின் ஒட்டு ஒன்றில் ஈரம் கசிந்திருந்தது. வயர் ஃபிரிட்ஜின் மின்கம்பியோடு ஒட்டி ஓடியது. நம் மின்சாரத்தின் ஒரு சுழற்சியும் சரியாக 20 மில்லி செகண்ட். நான் மறுபடி பார்த்தபோதெல்லாம் அதே பொய் அதே இடத்தில் நின்றிருக்கும். ஒட்டைப் புதுப்பித்து, வயரைப் பிரித்து, 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தேன். வயரின் குற்றத்துக்கு அதுவரை விரல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. பஸ்ஸர் அடித்த பிறகும் இரண்டு தடவை அமுக்குகிறார்.