நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி: 6,140 கிலோமீட்டருக்குப் பிறகு



மலை அடிவாரத்தில் எங்கள் வண்டி நிற்கும் படத்தைப் போட்டாலும் போட்டேன், கேள்வி மேல் கேள்வி. "சார், மைலேஜ் எவ்ளோ தருது?", "மாமா, பையன் இதையே வாங்கணும்னு நிக்கிறான், வாங்கலாமா?", "ரிட்டையர்டு ஆன வயசுல இதெல்லாம் தேவையா அண்ணே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாடமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதப் போவதில்லை. விளம்பரம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம், குறை சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். 2.2 லிட்டர் டீசல் இன்ஜின், ஆறு கியர், சேஸ் மேல் பாடி உட்காரும் பழைய முறை, நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி. 2022-ல் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, இரண்டாம் கையாக வாங்கினேன். கடன் இல்லை. 2024 செப்டம்பரில் நானும் வீட்டுக்காரம்மாவும் மீஞ்சூரிலிருந்து இமாச்சலம் போய்த் திரும்பினோம். மொத்தம் 6,140 கி.மீ.

முதலில் நான்கு சக்கரம் என்றால் என்ன என்று பார்ப்போம். பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

எல்லா காருக்கும் நான்கு சக்கரம் உண்டு. ஆனால் இன்ஜினின் சக்தி இரண்டு சக்கரத்துக்குத்தான் போகும். மற்ற இரண்டும் சும்மா உருளும். எங்கள் வண்டியும் சாதாரண நேரத்தில் பின் சக்கரத்தில்தான் ஓடுகிறது. தேவைப்படும்போது '4 ஹை' போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் பிணைத்துவிடும். சேற்றில் பின் சக்கரம் வழுக்கினாலும் முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். '4 லோ' போட்டால் வேகம் ஆமை வேகம், ஆனால் இழுவை பல மடங்கு. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்கும்.

காய்ந்த தார் ரோட்டில் இதைப் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரம் ஒரு தூரம் போகும், பின் சக்கரம் வேறு தூரம் போகும். இரண்டையும் கட்டிப் போட்டால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், டயரும் தேயும். மண், சேறு, பனி போன்ற வழுக்கும் தரையில் மட்டும்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்புவதற்கும் ஏற்றுவதற்கும்தான் உதவும். நிறுத்துவதற்கு அதில் எந்தச் சலுகையும் கிடையாது. சாதாரணக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. ஈர ரோட்டில் "நம்மது 4x4" என்று அழுத்துகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 6,140 கி.மீ.யில் நான்கு சக்கர இழுவையை நான் பயன்படுத்தியது எவ்வளவு தெரியுமா? 14 கி.மீ. மலையில் ரோட்டின் குறுக்கே ஓடிய ஓடைகள், மழையில் மண் சரிந்த ஓரிடம், ஆற்றோரக் கூழாங்கல் பாதை, அவ்வளவுதான். மீதி 6,126 கி.மீ.யும் ஒரு சாதாரண டீசல் கார் செய்திருக்கும். வாங்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் இந்தப் பதினான்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினான்கு வீண் என்று சொல்ல வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு டயாலிசிஸ் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. கால் வீங்கிவிட்டது. ஆட்டோ எதுவும் வரவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு '4 லோ'வில் கிளம்பினேன். என் பழைய மாணவன் ஒருவன் முன்னால் தண்ணீரில் கம்பு ஊன்றி நடந்து ஆழம் பார்த்தான். தண்ணீர் பாதி டயருக்குக் கீழே இருக்கும்வரை போனேன். ஓரிடத்தில் அவன் இடுப்பு நனைந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்றால், இன்ஜின் காற்றை இழுத்துத்தான் ஓடுகிறது. காற்று போகும் வழியில் தண்ணீர் போனால், காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்து, இன்ஜின் அங்கேயே செத்துவிடும். உள்ளே நோயாளியோடு நடுத்தண்ணீரில் நின்றிருப்போம். பெரியவரை அங்கிருந்து ஒரு டிராக்டரில் மாற்றி ஏற்றினோம். டிராக்டர் கடந்தது. அன்றே அவருக்குச் சிகிச்சையும் ஆனது. என் வண்டி பாதி வழி, டிராக்டர் மீதி வழி. அவர் இன்றும் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

சரி, பயணத்துக்கு வருவோம். மீஞ்சூர், விஜயவாடா, ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, டெல்லி, சண்டிகர், மனாலி. இதுதான் எங்கள் இரவுத் தங்கல்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மாலை நான்கைந்து மணிக்குள் அறைக்குப் போய்விடுவோம். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று வீட்டுக்காரம்மா போட்ட சட்டம். ஒருநாளும் மீறவில்லை. ஐதராபாத்துக்கு மேல் பெரும்பாலும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் அதே சாலை. நாக்பூர் தாண்டிப் பெஞ்ச் புலிகள் காப்பகப் பகுதியில் ரோட்டைத் தூண் மேல் தூக்கி, விலங்குகள் கீழே கடந்து போக வழி விட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டிய வேலை.

நெடுஞ்சாலையில் வண்டியின் நிறை: உயரமான இருக்கை. நம் மீஞ்சூர்ப் பக்கம் துறைமுகத்து டிரெய்லர்களுக்கு நடுவில் ஓட்டிப் பழகியவனுக்கு, முன்னால் நான்கு வண்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரிவது பெரிய நிம்மதி. 80, 90 கி.மீ. வேகத்தில் இன்ஜின் அலுக்காமல் ஓடுகிறது. பள்ளம் விழுந்த ரோட்டை மதிப்பதே இல்லை.

குறைகளும் உண்டு. உயரமான வண்டி வளைவில் சாயும், மலை ரோட்டில் பின்னால் உட்கார்ந்தால் குமட்டும். காரைவிடச் சத்தம் அதிகம், மாலையில் காது ரீங்காரமிடும். ஏறி இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தண்டனை. வீட்டுக்காரம்மாவுக்காக ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலை எங்கே போனாலும் கொண்டுபோனோம். விஜயவாடாவிலிருந்து மனாலிவரை ஓட்டல் வாசல்களில் அந்த ஸ்டூலைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை.

லிட்டருக்கு சராசரி 12.3 கி.மீ. மொத்தம் 499 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் சுமார் 45,000 ரூபாய். டோலுக்கு ஏழாயிரத்துக்கு மேல் போனது.

மனாலிக்கு மேலே 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை, 9.02 கி.மீ. நீளம். முன்பு ரோதாங் கணவாய் ஏறி இறங்கிய இடத்தை இப்போது பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடக்கிறோம். அந்தப் பக்கம் லாஹுல் பள்ளத்தாக்கு. கேலாங்குக்கு முன்னால் தாண்டி என்ற இடத்து டீசல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று எழுதிய பலகை ரொம்பப் பிரபலம். டேங்க்கை நிரப்பிக்கொண்டோம்.

அங்கே ஒரு சந்தோஷம். எதிரே ராணுவ வண்டி வரிசை வந்தது, பெரும்பாலும் ஸ்டாலியன் லாரிகள். நம் எண்ணூரில் 1948-ல் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. எங்களை முந்திக்கொண்டு போன பையன்கள் ஓட்டியது புல்லட். அதன் இந்தியத் தயாரிப்பு நம் திருவொற்றியூரில் 1950-களில் தொடங்கியது. அந்த இரண்டு ஆலைகளின் சங்கு சத்தத்துக்கு எழுந்த அப்பாக்களின் பிள்ளைகள் உங்களில் எத்தனை பேர்! அந்தக் கைகள் செய்த வண்டிகள் அத்தனை உயரத்தில் ஓடுகின்றன. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஜிஸ்பாவில் ஓர் இரவு தங்கினோம், உயரம் சுமார் 3,200 மீட்டர். மறுநாள் காலை லே நோக்கிக் கிளம்பினோம். சிங்சிங்பார் என்ற இடத்தில், சுமார் 4,200 மீட்டர் உயரத்தில், டீ குடிக்க நிறுத்தினேன். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூச்சுக் குறைவது இன்ஜினுக்கும்தான். டர்போ இருப்பதால் சமாளிக்கிறது. கீழே மூன்றாவது கியரில் ஏறும் மேட்டில் இரண்டாவது கேட்டது, அவ்வளவே. வண்டிக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்காரம்மாதான், "என்னங்க, தல வெடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். இறங்கியதும் வாந்தி எடுத்தார். தரையில் ஒரு கோடு கிழித்து, அதன் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

உயர மலை நோயில் தலைவலி, வாந்தி முதல் படி. நடை தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்குகிறது என்று பொருள். முதல் மருந்து: உடனே கீழே இறங்குவது. எங்களுக்கு முன்னால் இருந்தது பாராலாச்சா கணவாய், கிட்டத்தட்ட 4,890 மீட்டர். அதைத் தாண்டினால் சர்ச்சு. சர்ச்சு ஒரு கிண்ணம் மாதிரி. அங்கே உடம்பு கெட்டால் லே பக்கம் போனாலும் ஏற வேண்டும், திரும்பி வந்தாலும் ஏறித்தான் இறங்க வேண்டும். திரும்புவதானால் இந்தப் பக்கத்திலேயே திரும்ப வேண்டும்.

டீக்கடையில் நின்ற இளைஞர்கள், "அங்கிள், உங்க வண்டி ஈசியா ஏறிடும்" என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னார்கள். உண்மைதான், ஏறியிருக்கும். டேங்க் நிறைய டீசல், நான்கு சக்கர இழுவை, புது டயர், எல்லாம் இருந்தது. ஏற முடியாதது உள்ளே உட்கார்ந்திருந்த, முப்பத்தெட்டு வருடம் எனக்குச் சோறு போட்ட மனுஷி. வண்டியைத் திருப்பினேன்.

ஜிஸ்பா வருவதற்குள் வாந்தி நின்றது. கேலாங்கில் மருத்துவரிடம் காட்டினோம். சாயங்காலம் ரசம் சாதம் கேட்டார். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். இரண்டு நாள் அங்கேயே ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பினோம். "இவ்ளோ தூரம் போய் லே பாக்காம வந்துட்டீங்களா?" என்று மைத்துனர் இன்றும் கேட்கிறார். பார்க்கவில்லை. லே அங்கேயேதான் இருக்கும்.

போகிறவர்களுக்கு ஒரு விதி: 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பனிக்காலத்தில் நம் ஊர் டீசலோடு போகாதீர்கள், மெழுகுபோல உறையும். இதற்காகவே இந்தியன் ஆயில் 2019-ல் லடாக்குக்கென மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசல் கொண்டுவந்தது.

இனி "வாங்கலாமா?" என்ற கேள்விக்கு வருகிறேன்.

வீட்டிலிருந்து பஜார், பஜாரிலிருந்து வீடு என்று ஓட்டுபவர்களுக்கு இது வேண்டாம். இப்போதைய பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து சுத்தமாக, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினம் இரண்டு கி.மீ. மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும். நான் வாரம் ஒருமுறை வெளிவட்டச் சாலையில் ஓட்டி வருவது அதற்காகத்தான். நம் பக்கம் கடல் காற்றும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து சேஸை அரிக்கும். அடிப்பக்கத்தை மாதம் ஒருமுறையாவது தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

தோட்டம் துரவு, ஆற்றங்கரை, மலை என்று வருடம் முழுக்க வேலை இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள், குறிப்பாக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத என் பிள்ளைகள், ஏழு வருட இஎம்ஐ போட்டு வாங்காதீர்கள். நான்கு சக்கர இழுவைக்கு மட்டும் விலை லட்சக் கணக்கில் கூடுகிறது. உங்களுடைய 'பதினான்கு கி.மீ.' எங்கே இருக்கிறது என்று முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பணத்தில் அப்பா அம்மாவை ரயிலில் அழைத்துப் போங்கள். ஏறி இறங்க ஸ்டூலும் தேவைப்படாது.

வாங்கியவர்களுக்கு ஒன்று மட்டும். வண்டி எதுவரை போகும் என்பதைக் கம்பெனிக்காரர் புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை ஓட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சந்தேகம் இருந்தால் கமென்ட்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அனைவரும் சீட் பெல்ட் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
மீஞ்சூர்.