அழிக்கட்டுமா என்று கேட்கும் திரை

லினக்ஸ் இலவசமாகக் கிடைப்பது இந்தியாவில் ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. 1996-லேயே பிசிக்வெஸ்ட் பத்திரிகை அதை சிடியில் போட்டு வாசகர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. அந்த முயற்சியை முன்னின்று நடத்திய அதுல் சிட்னிஸ் பெங்களூர்வாசி. 2013-ல் காலமான அவரை இங்குள்ள பழைய கம்ப்யூட்டர் ஆசாமிகள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சிடி கைக்கு வந்துவிட்டது, சரி. மெஷினில் ஏற்றுவது எப்படி? அங்கேதான் பலர் வந்த வழியே திரும்பினார்கள்.

அந்தக் கால இன்ஸ்டாலர்கள் கேட்ட கேள்விகள் அப்படி. உங்கள் மானிட்டரின் கிடைமட்ட அலைவரிசை என்ன? தப்பாகச் சொன்னால் மானிட்டரே கெட்டுப்போகலாம் என்று எச்சரிக்கை வேறு. விண்டோஸ் குடியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் ஒதுக்க ஃபிப்ஸ் என்று ஒரு தனி புரோகிராம். இதற்கெல்லாம் மருந்தாக வந்தவைதான் 'இன்ஸ்டால் ஃபெஸ்ட்'கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால் விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றித் தருவார். சொல்லப்போனால், அந்த மனிதர்தான் இன்ஸ்டாலர்.

நான் திரை வடிவமைப்பு வேலை பார்ப்பவன். சம்பளம் தரும் வேலை போக, ஞாயிற்றுக்கிழமைகளில் சில நண்பர்களோடு சேர்ந்து டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓர் இன்ஸ்டாலரின் தமிழ்த் திரைகளைச் சீராக்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது இதற்கு அவசரமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத, ஆனால் நன்றாகவே ஓடுகிற மெஷின்கள் ஊரெங்கும் கிடக்கின்றன.

அப்படி ஒன்று ஸ்ரீராமபுரத்தில் ஒரு டிடிபி கடையில் இருக்கிறது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும், தமிழர். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, அம்மன் கோயில் நோட்டீஸ் என்று பதினைந்து வருட உழைப்பு அந்த டிஸ்க்கில். எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். அப்படியும் அவர் கை மவுஸ் மேல் தயங்கியபடியே இருந்தது.

இந்தச் சோதனையில் எனக்கு ஒரே விதி: பின்னால் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று. மொழி தமிழ் என்றார், கீபோர்டும் தமிழ் என்றார். அடுத்த திரை லாகின் பெயர் கேட்டது. அது ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். கீபோர்டோ தமிழில் நிற்கிறது. "பேரையே வாங்க மாட்டேங்குதே தம்பி" என்றார். நேரத்துக்குக் கொல்கத்தா என்று காட்டியபோது, "நாம இருக்கறது பெங்களூராச்சே" என்றார். லினக்ஸ் உலகில் இந்தியா முழுவதற்கும் நேரத்தின் பெயர் கொல்கத்தாதான். அதை நாங்கள் மாற்ற முடியாது, காட்டாமல் இருக்கலாம்.

பிறகு டிஸ்க். பார்ட்டிஷன் என்பதற்கு எங்கள் திரையில் 'பகிர்வு' என்று போட்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "யாரோட பகிரணும்? வாட்ஸப்லயா?" என் விதியை மீறினேன். "பாகப்பிரிவினைண்ணே. வீட்டுக்குக் குறுக்கே ஒரு சுவர். அந்தப் பக்கம் விண்டோஸ், இந்தப் பக்கம் லினக்ஸ்."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே!"

அன்றிரவே 'பகிர்வு' போய் 'பாகம்' வந்தது. ஆனால் வார்த்தையை மாற்றுவது சுலபமான பகுதி. அவருடைய அடுத்த கேள்விதான் எங்களை மூன்று வாரம் உட்கார வைத்தது. "இதை அழுத்தினா பழசு போயிடுமா?"

இந்தக் கேள்விக்கு நல்ல இன்ஸ்டாலர்கள் ஏதோ ஒரு வகையில் பதில் சொல்கின்றன. பல லினக்ஸ்களில் பயன்படும் கலாமரேஸ், டிஸ்க் இப்போது எப்படி இருக்கிறது, பிறகு எப்படி இருக்கும் என்று இரண்டு பட்டைகளாக வரைந்து காட்டும். டெபியனில் 'மாற்றங்களை எழுதட்டுமா' என்ற கடைசிக் கேள்விக்கு, நீங்களாக மாற்றாத வரை பதில் 'வேண்டாம்' என்றே இருக்கும். அந்த 'வேண்டாம்' என்னைப் பொறுத்தவரை எல்லா வண்ணப் படங்களையும்விட உயர்ந்த வடிவமைப்பு. நாங்களும் பட்டைகளைப் போட்டோம். கீழே ஒரு வரி எழுதினோம்: 'இதுவரை உங்கள் டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை.'

வரி அழகாக இருந்தது. உண்மையாக இருந்ததா? டெபியன் இன்ஸ்டாலரில் விண்டோஸ் பாகத்தைச் சுருக்கச் சொன்னால் அது கடைசிக் கேள்வி வரை காத்திருக்காது. எச்சரித்துவிட்டு அப்போதே சுருக்கத் தொடங்கும். திரும்பப் பெற முடியாது. ஆக, எங்கள் ஆறுதல் வரி வருவதற்குள் சுவர் எழும்பியிருக்கும். குழுவிலுள்ள ஓர் இளைஞர், "வெறும் வாசகம்தானே, யார் படிக்கிறார்கள்?" என்றார். கடைக்காரர் படித்தார். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக. கடைசியில் வரியை விட்டுவிட்டு வேலையின் வரிசையை மாற்றினோம். எல்லாக் கேள்விகளும் முடிந்து, அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் சுருக்கல் உட்பட எதுவும் டிஸ்க்கைத் தொடும். அதே இளைஞர்தான் அதற்கு நிரல் எழுதினார், முணுமுணுத்துக்கொண்டே. 'டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு ஏற்று' என்ற வழியையும் பட்டியலின் முதலிடத்திலிருந்து கீழே தள்ளினோம். கைதேர்ந்தவர்கள் கேட்கும் எல்.வி.எம்., ரெய்ட் சமாசாரங்கள் தனிக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன, பூட்டு இல்லை.

மாற்றிய திரையோடு மறுபடி போனோம். இந்த முறை நான் பேசவில்லை. அவர் பட்டையைப் பார்த்தார், வரியைப் படித்தார், அழுத்தினார். மெஷின் மறுபடி எழுந்து இரண்டில் எது என்று கேட்டபோது அவர் தேர்ந்தெடுத்தது விண்டோஸைத்தான். 2011-ல் செய்த ஒரு காதுகுத்துப் பத்திரிகையைத் திறந்து மூடினார். அதற்கப்புறம்தான் டீ சொன்னார்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, இது கன்னடத்தில் கிடைக்குமா என்றார். பாகத்துக்குக் கன்னடத்தில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். 'பாலு' என்றார். தமிழ்க் காதுக்கு அது பக்கத்து வீட்டுப் பையனின் பெயர். அங்கே சொத்தில் பங்கு. குறித்துக்கொண்டேன்.