ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு ஒரு கல்யாணக் கேக்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் மெரீனா, வடபழனி, தி.நகர் என்று அழைத்துப் போகிறோம். ராயபுரம் பக்கம் யாரும் அழைத்துப் போவதில்லை. “அங்கே என்ன இருக்கு? மீன் வாடையும் லாரிப் புழுதியும்தானே!” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். 2024 ஏப்ரல் கடைசியில் தண்டையார்பேட்டையில் இருக்கும் என் ஓரகத்தி வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். அவளுடைய சிநேகிதி ஒருவர் ராயபுரத்தில் வீட்டிலேயே மூன்றடுக்குக் கல்யாணக் கேக் செய்து, அதை எண்ணூர் வரை கொண்டுபோய் நிறுத்தியதைக் கூடவே இருந்து பார்த்தேன். அந்த வாரத்தில் ஊரையும் பார்த்தாயிற்று, ஒரு கைத்தொழிலையும் பார்த்தாயிற்று!

முதலில் ஊரைப் பற்றி. இராயப்பர் என்றால் புனித பேதுரு. அவர் பெயரால்தான் ராயபுரம். 1829-ல் படகோட்டும் குலத்தார் கட்டிய இராயப்பர் கோயில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில், கப்பலில் வந்த மனிதர்களையும் மூட்டைகளையும் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஓர் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உடையாது. அந்தப் படகுகளை ஓட்டியவர்களின் ஊர் இது. கொஞ்ச தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பார்சிக்காரர்களின் அக்னி ஆலயமும் இங்கே இருக்கிறது. ரயிலோடும் துறைமுகத்தோடும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வந்தன. கேக்கும் இப்படித்தான் இந்தத் தெருக்களுக்குப் பழக்கமாயிற்று.

நாங்கள் ‘கேக் அக்கா’ என்று கூப்பிடும் அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். சின்ன வீடு. அடுக்களையில் ஒரு சின்ன ஓவன். அதில் 9 அங்குலத் தட்டு போகும், 12 அங்குலம் போகாது. “அப்ப அடிக் கேக்குக்கு என்ன செய்வீங்கக்கா?” என்றேன். “எங்கம்மா காலத்துல செஞ்சதுதான். மாவைக் கலந்து தட்டுல ஊத்தி பேக்கரிக்காரர்கிட்ட குடுத்துடுவேன். கூலிக்குச் சுட்டுத் தருவாரு” என்றார். கிறிஸ்துமஸ் சமயத்தில் பல வீடுகளில் இப்படித்தானாம்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்காலத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே ஈஸ்டர் முடிந்த கையோடு முகூர்த்தங்கள் குவிகின்றன. ஏப்ரல், மே! சென்னை வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் அக்காவுக்கு வேலையும் உச்சம். கடல்காற்றின் ஈரம் வேறு. அதனால் வெண்ணெய்க் கிரீம், ஃபிரெஷ் கிரீம் எதையும் அவர் அடுக்குக் கேக்குக்கு ஒப்புக்கொள்வதில்லை. பழக் கேக், மேலே ராயல் ஐசிங். அவ்வளவுதான்.

அந்தக் கல்யாணத்துக்கு ஒரு கதை இருந்தது. பெண் வீடு எண்ணூர். அப்பா மீன்பிடித் தொழில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். அந்த மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். பெண்ணின் அப்பாவுக்கு வலையும் படகும் கெட்டு, ஜனவரியில் வைத்திருந்த கல்யாணம் ஏப்ரலுக்குத் தள்ளிப் போயிருந்தது. கையில் பணம் குறைவு. இந்த நிலையில் பெண்ணின் அம்மா வந்து, “மாப்பிள்ளை வீட்ல அஞ்சு அடுக்கு கேக்குறாங்கக்கா. எங்க போவேன்?” என்று கண் கலங்கினார்.

அக்கா ஆறுதல் சொல்லவில்லை. ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்தார். “எத்தினி பேரு?” “250 பேருக்கா.” பழக் கேக்கை 1 அங்குலத் துண்டாகத்தான் கொடுப்பது வழக்கம். 12 அங்குல வட்டத்தில் சுமார் 100 துண்டு வரும். 9 அங்குலத்தில் 55. மேலே இருக்கும் 6 அங்குலத்தை வெட்டாமல் மணமக்களுக்குக் கொடுத்துவிடுவது. முதல் குழந்தையின் ஞானஸ்நானம் வரை பத்திரப்படுத்துகிறவர்கள்கூட உண்டு. மீதிக்கு அலங்காரமே இல்லாமல் 12-க்கு 9 அங்குலச் செவ்வகத் தட்டு ஒன்று. அதில் 108 துண்டு. “மொத்தம் 263. அஞ்சு அடுக்கு எதுக்கு? இந்தக் கணக்கை அவங்களாண்ட அப்பிடியே காட்டு” என்று காகிதத்தை மடித்துக் கொடுத்தார். மறுநாளே சம்மதம் வந்துவிட்டது!

அடுக்குக் கேக்கின் பெருமையே ராஜ வீட்டுக் கதைதானே. 1840-ல் விக்டோரியா மகாராணியின் கல்யாணக் கேக் சுமார் 300 பவுண்டு எடையாம். அதற்குப் பிறகும் பல காலம் மேலடுக்குகள் வெறும் சர்க்கரை அலங்காரம்தான். 1882-ல் அவர் மகன் லியோபோல்டின் கல்யாணத்தில்தான் எல்லா அடுக்கும் சாப்பிடுகிற கேக்காக வந்தது என்கிறார்கள். இலங்கையில் இன்னொரு விதம். ரவை, முந்திரி, பூசணிக்காய் முரப்பா எல்லாம் சேர்த்த கேக்கைத் துண்டு போட்டு, ஆளுக்கொரு சின்னப் பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்தனுப்புவார்கள்.

அக்காவின் முறைக்கு வருகிறேன். உலர் பழங்களைக் கண்ணாடி ஜாடியில் ரம்மில் ஒரு மாதம் ஊற வைக்கிறார். ரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஆரஞ்சுச் சாறு. ஆனால் அதை ஃபிரிட்ஜில் வைத்து 2 நாளைக்குள் உபயோகித்துவிட வேண்டும். தட்டின் உள்ளே பட்டர் பேப்பர் இரண்டு சுற்று, வெளியே பழுப்புக் காகிதம் ஒரு சுற்று. சூடு 150 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பெரிய தட்டுக்கு 3 மணி நேரமாவது பிடிக்கும். ஆறியபின் முந்திரியும் சர்க்கரையும் அரைத்த மார்சிப்பானைத் தேய்த்து 2 நாள் உலர விடுகிறார். அப்போதுதான் பழத்தின் கறை வெள்ளை ஐசிங்கில் ஏறாது.

ராயல் ஐசிங்குக்குப் பச்சை முட்டை வெள்ளை சேர்ப்பது பழைய வழக்கம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிடும் இடத்தில் அது வேண்டாம் என்று அக்கா இப்போது மெரிங் பவுடருக்கு மாறிவிட்டார். ஐசிங் சர்க்கரை 450 கிராம், மெரிங் பவுடர் 3 மேஜைக் கரண்டி, தண்ணீர் 5 மேஜைக் கரண்டி. நன்றாக நிமிர்ந்து நிற்கும் பதம் வரும்வரை அடிக்க வேண்டும். ஒரே பூச்சாக அப்பாமல் மெல்லியதாக மூன்று பூச்சு. ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். மின்விசிறிக் காற்றே போதும். மேலே சர்க்கரையிலேயே மல்லிகைச் சரம் பிழிகிறார். நிஜப் பூ செருகச் சொன்னால் மறுத்துவிடுவார். கடைப் பூவில் மருந்து அடித்திருக்கும். அரளி மாதிரி சில பூக்கள் விஷம் வேறு.

வெள்ளை ஐசிங் என்றதும் இன்னொன்று. ஒரு காலத்தில் துறைமுகத்து நிலக்கரித் தூள் காற்றில் வந்து, கொடியில் காயும் வேட்டியெல்லாம் கறுத்துப் போகுமாம். ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணி தொங்கவிட்டுத்தான் ஐசிங் பூசுவாராம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நின்றது. “எங்களுக்கு வுட்டுச்சு. எண்ணூருக்குப் போச்சு” என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

கல்யாணத்தன்று காலை. மூன்று அடுக்கும் தனித்தனிப் பெட்டியில். அடுக்கியபடி ஒருநாளும் கொண்டு போவதில்லை. எண்ணூர் ரோடில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், போதாததற்குப் பள்ளம். ஆகவே நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பெட்டியோடு புதுவண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறினோம். செவ்வகத் தட்டு முன்தினமே வேனில் போய்விட்டது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை இந்தப் பாதை வந்ததிலிருந்து அக்காவுக்குப் பாதிக் கவலை தீர்ந்ததாம். குலுக்கல் இல்லை, ஏ.சி. உண்டு. சோதனை இயந்திரத்தில் மட்டும் பெட்டியைச் சாய்க்காமல் விட வேண்டும்.

மேலே ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால் வட சென்னை வேறு ஊராகத் தெரிகிறது. ஒரு பக்கம் கடல். தேரடி நிலையத்தருகே திருவொற்றியூர் தியாகராஜ சுவாமியும் வடிவுடையம்மனும். கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி. எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946-ல் பலூன் செய்யும் ஒரு கொட்டகையாகத் தொடங்கியது இதே திருவொற்றியூரில்தான். விம்கோ என்பதே தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்! இறங்கி ஆட்டோ பிடித்தோம். நான் பெட்டியை மடியில் வைக்கப் போனேன். “மடி சரிவு, தங்கச்சி. கீழ வை, காலால அணைச்சுக்கோ” என்றார் அக்கா.

சர்ச் பக்கத்து மண்டபத்தில்தான் அடுக்குகிற வேலை. ஒவ்வொரு கேக்கின் அடியிலும் அதே அளவு அட்டை. அடிக் கேக்கின் நடுவில், 9 அங்குல வட்டத்துக்குள் அடங்கும்படி 5 மூங்கில் குச்சிகளை இறக்கினார். முதல் குச்சியை ஐசிங் மட்டத்துக்கு அளந்து, மற்ற நான்கையும் அதே அளவுக்கு நறுக்கினார். தனித்தனியாக அளந்தால் மேலடுக்கு சாய்ந்துவிடும். அதன்மேல் இரண்டாவது கேக். அதில் 4 குச்சி. உச்சியில் சின்னது. ஒவ்வொன்றுக்கும் கொத்தனார் வைக்கிற ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கேக்குக்கென்றே தனியாக வாங்கியது.

“மேல ரெண்டும் சேர்ந்தா நாலு கிலோவுக்குக் குறையாது. கீழ இருக்கிறது நசுங்காதாக்கா?” என்று கேட்டேன்.

“கேக்கு மேல கேக்கு நிக்கிறதில்லம்மா. குச்சி மேலதான் நிக்குது. அடியில இருக்கிறது தன் பாரத்தை மட்டும் தாங்கினா போதும். மேல இருக்கிறவங்க பாரத்தையும் அது தலையில ஏத்தினா உடையத்தான் உடையும்.”

பெண்ணின் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அக்காவின் கையை மட்டும் ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார். மண்டபத்து ஜன்னல் வழியாகச் சாம்பல் கலந்த காற்று வர, அக்கா போய் அதைச் சாத்தினார்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் கத்தியைத் தொட்டு, எல்லோரும் கை தட்டியதும், கேக்கை உள்ளே கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த காரியம் நடந்தது. துண்டு போடுவதற்கு முன் அக்கா குச்சிகளை உருவி ஒரு தட்டில் வரிசையாக வைத்து, உரக்க எண்ணினார். ஒன்று, இரண்டு... ஒன்பது! 5-ம் 4-ம் 9 சரியாக வந்தபிறகே கத்தியை எடுத்தார். ஒரு குச்சி ஒரு குழந்தையின் வாய்க்குப் போய்விட்டால் அத்தனை அழகும் என்ன ஆவது?

சகோதரிகளே, வீட்டில் பிறந்தநாளுக்கு இரண்டடுக்குக் கேக் செய்து பார்க்க ஆசையிருந்தால் 8 அங்குலம், 5 அங்குலம் என்று சிறிதாகத் தொடங்குங்கள். அடுக்குக்கு ஓர் அட்டை, அடியில் நாலு குச்சி, போய்ச் சேர்ந்த இடத்தில் அடுக்குவது, வெட்டுமுன் எண்ணுவது. இந்த நான்கையும் விடாதீர்கள். அடுத்த முறை உறவுக்காரர்கள் வந்தால் ஒருநாள் ராயபுரத்துக்கும் அழைத்துப் போங்கள். இராயப்பர் கோயிலையும் பழைய ரயில் நிலையத்தையும் பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு சின்ன பேக்கரியில் பழக் கேக் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.