உலக்கைக்கு நடுவே ஒரு மூச்சு

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டு எங்கள் வேன் சிறுவாச்சூருக்குள் திரும்பியது. உள்ளே பதினாறு கல்லூரி மாணவிகள், ஒரு சுருதிப் பெட்டி, ஊறவைத்து வடித்த பச்சரிசி இரண்டு தூக்குவாளி நிறைய. அடுத்த புதன்கிழமை எங்கள் சேர்ந்திசைக் குழு மலேசியாவுக்குக் கிளம்புகிறது. நான்கு ஊர், நான்கு மேடை. குழுவில் பாதிப் பேருக்குச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன்தான் குலதெய்வம். கடல் தாண்டும் முன் மாவிளக்குப் போட்டுவிட்டு வரச்சொல்லி வீட்டில் உத்தரவு. திங்களும் வெள்ளியும் அந்தக் கோயிலில் விசேஷம். அதனால் அன்றைய ஒத்திகையை விட்டுவிட்டு எல்லோருமே வந்துவிட்டோம்.

இங்கே மாவை மில்லில் அரைத்து எடுத்துவரும் வழக்கமில்லை. ஊறிய அரிசியைக் கோயிலிலேயே உரலில் இடித்து, சலித்து, வெல்லம் சேர்த்துப் பிசைய வேண்டும். நடுவில் குழித்து நெய் விட்டுத் திரி போட்டால் விளக்கு. உள்ளே நுழையும்போதே உலக்கைச் சத்தம்தான் முதலில் வந்து சேர்ந்தது. பல உரல்கள், பல வேகங்கள்.

எங்கள் பெண்கள் இருவர் ஒரே உரலில் ஆளுக்கொரு உலக்கையோடு இறங்கினார்கள். நாலாவது குத்திலேயே இரண்டும் மோதிக்கொண்டன. பூண் உரலின் விளிம்பில் பட்டுக் கணீரென்றது. அரிசி தரையில் சிதறியது. பக்கத்து உரலில் கூலிக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். அறுபதைத் தாண்டியவர், சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார்.

“கையால குத்தாத பாப்பா. தூக்கி விடு, அதுவே விழும். விழும்போது நீ மூச்ச விட்டுரு. அவ மூச்சு விடுறப்ப நீ தூக்கு.”

அதைச் சொல்லிவிட்டுத் தன் ஜோடியைக் கூப்பிட்டுச் செய்து காட்டினார். நான் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவருடைய உலக்கை ஏறும்போது மற்றவருடையது இறங்குகிறது. இருவருமே உலக்கையைப் பார்க்கவில்லை. கண் மாவின் மேல்தான். இரண்டு குத்துக்கு நடுவில் இடது கை உள்ளே போய், விளிம்பில் ஒதுங்கிய மாவைக் குழிக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. ஒரு கணம் பிசகினால் விரல் போய்விடும். முதலில் ஒலித்த நறநறப்பு மெல்ல மெல்ல மந்தமாகி, அரிசி மாவாகிவிட்டதைச் சத்தமே சொன்னது. நடுவில் ஒரு பாட்டு. ஒருவர் இழுத்துப் பாட, மற்றவர் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்து முடித்தார். சொல் முடியும் இடத்தில் உலக்கை விழுந்தது.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆறு மாதமாக நான் வகுப்பில் சொல்லிச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் தவித்தது இதைத்தான். சேர்ந்திசையில் நீண்ட வரி அறுபடாமல் போகவேண்டுமென்றால் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவள் எடுக்கும்போது நான் தாங்க வேண்டும். நான் எடுக்கும்போது அவள். நம் ஊர்க் கச்சேரி மரபு தனிக்குரலை வளர்த்த மரபு. சின்ன வயதிலிருந்தே தன் குரல் தனித்துத் தெரியத்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள். பக்கத்துக் குரலுக்குள் தன் குரலைக் கரைப்பது அவர்களுக்குத் தோல்வி மாதிரி இருக்கிறது. எங்கள் குழுவில் இதை முதலிலேயே பிடித்துக்கொண்டவள் ஏலாக்குறிச்சிப் பெண் ஒருத்திதான். வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயிலில் ஞாயிறுதோறும் கூட்டத்தோடு பாடி வளர்ந்தவள். அன்றைக்கு உலக்கையும் அவள் கைக்குத்தான் முதலில் வசப்பட்டது.

உலக்கைப் பாட்டு நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு வருகிறது. புகார்ப் பெண்கள் கரும்பை உலக்கையாக்கி முத்தைக் குற்றுகிறார்கள். சிறுவாச்சூர் அம்மனும் மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகிதான் என்பது ஊர்க்கதை. அவள் சன்னிதிக்கு வெளியே வள்ளைப்பாட்டின் மிச்சம் இன்றும் கூலி வேலையாக நடக்கிறது.

எங்கள் நிகழ்ச்சி நிரல் அதுவரை வேறு மாதிரி இருந்தது. எம்.பி. சீனிவாசன் காட்டிய வழியில் பாரதி பாடல்கள் சில. 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, மேடைப் பாட்டுக்குத் தமிழ்நாட்டில் இப்படியும் ஒரு வடிவம் உண்டு என்று காட்டியவர் அவர். அவரை விட்டுவிட்டு இந்தக் கலையை இங்கே யாரும் பேச முடியாது. மற்றபடி ஆங்கிலத் துதிப்பாடல்கள். அயல்நாடு போகிறோம், அதற்கேற்ப இருக்கட்டும் என்று சேர்த்தவை.

உரலடியில் உட்கார்ந்திருந்தபோது ஃபிஸ்க் கல்லூரி நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த கையோடு, 1866-இல், நாஷ்வில் நகரில் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய கல்லூரி. கையில் காசில்லை. 1871 அக்டோபரில் அதன் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார். பெரும்பாலானோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். வெள்ளையர்களின் பாடல்களைத்தான் முதலில் பாடினார்கள், சபை அசையவில்லை. தாங்கள் வயல்களில் பாடிய, வெளியாருக்குப் பாடிக்காட்டக் கூசிய பாடல்களை எடுத்த பிறகுதான் ஜனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 1873-இல் விக்டோரியா மகாராணி முன் பாடினார்கள். திரட்டிய பணத்தில் 1876-இல் ஜூபிலி மண்டபம் எழுந்து நின்றது. பின்னால் ஃபிரெடெரிக் லவுடின் தலைமையில் ஃபிஸ்க் பாடகர்களின் பெயரிலேயே உலகம் சுற்றிய குழு இந்தியாவுக்கும் வந்து பாடியது.

நாங்களும் ஒரு துதிப்பாடலை எடுத்துவிட்டு உலக்கைப் பாட்டை வைப்பது என்று அங்கேயே முடிவு செய்தோம். அந்த அம்மாவிடம் கேட்டேன். “பாடுங்களேன், பாட்டு எனக்கு மட்டுமா?” என்றார். மூன்று முறை பாடிக்காட்டினார். பதிவு செய்ய அனுமதி கேட்டதற்கு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உச்சி வேளையில் பூசாரிகள் உடுக்கை அடித்துப் பாடி அம்மனை அழைத்தார்கள். இடது கை உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கித் தளர்த்த, வலது கை விரல்கள் தோலில் விழ, ஒரே கருவி குழைந்தும் உறுமியும் பேசியது. அம்மன் கையிலும் ஓர் உடுக்கை உண்டு. மதுரகாளிக்கு ஊரைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனதாகச் சொல்லப்படும் செல்லியம்மனுக்கு, அந்தத் திசை பார்த்து முதல் தீபம் காட்டினார்கள். “மேம், இதையும் மேடையில செய்யலாமே?” என்று ஒரு மாணவி காதில் கேட்டாள். வேண்டாம் என்றேன். இது சாமியைக் கூப்பிடுகிற பாட்டு. கைதட்டலுக்கு இதில் இடமில்லை. உலக்கைப் பாட்டு வேலையின் பாட்டு, எந்த ஊருக்கும் வரும். என் தீர்ப்பு இதுதான், இன்றும் மாறவில்லை.

மலேசியாவில் முதல் மேடை சுங்கைப்பட்டாணி. கெடா மாநிலம்; நம் கடாரம். 1025-இல் இராஜேந்திரன் கடாரத்தின் மேல் படை அனுப்பியது இன்றைய அரியலூர் மாவட்டத்திலிருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து என்று பெண்களுக்குச் சொன்னேன். அவர்களுக்கு வேறு கவலை. உலக்கையை விமானத்தில் கொண்டுவர முடியவில்லை. அதற்குப் பதில் குதிகாலால் தரையைத் தட்டப் பழகியிருந்தோம். மேடையிலோ கனத்த கம்பளம். சத்தமே எழவில்லை. ஏலாக்குறிச்சிப் பெண் என்னைப் பார்த்தாள், தலையசைத்தேன். பதினாறு பேரும் கீழே இறங்கி, முதல் வரிசைக்கு முன்னால் வெறும் தளத்தில், எட்டுக்கு எட்டாக எதிரெதிரே நின்று பாடினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பாட்டி வந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்.

“நல்லாப் பாடுனீங்கம்மா. ஆனா வேகமா போறீங்க. அந்த வேகத்துல இடிச்சா அரிசி வெளிய தெறிச்சிடும்.”

மறுநாள் மேடைக்கு முன் சுருதிப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, குதிகாலை மட்டும் வைத்து அரைமணி நேரம் பழகினோம், மெதுவாக.