ஒன்பதின் கணக்கு

வால்வு இடைவெளி பார்க்க எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அதனால் வெயில் ஏறுமுன்பே யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு வளவுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமரத்தின் கீழே ஒரு மொரிஸ் மைனர், பொனற் திறந்தபடி நின்றது. 948 சிசி எஞ்சின். 1950களின் கடைசியில் கப்பலில் வந்து இறங்கிய கார். சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஊரில் எல்லாருக்கும் மாஸ்ரர். பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர் எழுபதைத் தாண்டிய மெக்கானிக். இளவயதில் கோண்டாவில் பஸ் சாலையில் தொழில் பழகியவர். இப்போது கராஜ் எதுவும் இல்லை. தெரிந்தவர்களின் வளவுகளுக்குத் தன் பெட்டியோடு போய் வேலை செய்கிறார். பெட்டியைத் தூக்கிவந்த பேரன், நகரத்தில் ஜப்பான் கார்கள் திருத்தும் ஓரிடத்தில் வேலை பார்க்கிறான்.

மெக்கானிக் ஐயா முதலில் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "கை சுட்டால் டப்பெட்டைத் தொடக்கூடாது, தம்பி. சூட்டிலை பார்த்த அளவு குளிரிலை பொய்யாப் போயிடும்."

நாலு பிளக்கையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு பலகையில் வைத்தார்கள். பிளக் இல்லாவிட்டால் அமுக்கம் இருக்காது. முன்னாலிருந்து கைபிடி போட்டு எஞ்சினை மெல்லச் சுற்றலாம். கைபிடி சுற்றியவன் பேரன். பெருவிரல் மற்ற நாலு விரலோடும் ஒரே பக்கமாக இருக்கிறதா என்று ஐயா குனிந்து பார்த்தார். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைபிடி பின்னால் திரும்பும். பெருவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் அது முறியும். பிளக் கழற்றிய எஞ்சின் உதைக்காது. ஆனாலும் பழக்கம் பழக்கமாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய நிலை. அது சரியென்றே எனக்கும் படுகிறது.

வால்வு மூடியைத் திறந்தால் எட்டு வால்வுகள் வரிசையாக நிற்கின்றன. எதை எப்போது அளப்பது? இங்கேதான் ஒன்பதின் கணக்கு வருகிறது. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது முதலாவதின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. நாலாவது திறந்திருந்தால் ஐந்தாவது. ஏழாவதென்றால் இரண்டாவது. எந்தச் சோடியைக் கூட்டினாலும் ஒன்பதுதான். மாஸ்ரர் இதற்குக் காரணத்தை ஒரு கடதாசியில் கோடுபோட்டுக் காட்டினார். எரியும் வரிசை 1, 3, 4, 2. முதலாம் நாலாம் பிஸ்ரன்கள் சேர்ந்து ஏறி இறங்கும், இரண்டாம் மூன்றாம் பிஸ்ரன்களும் அப்படியே. வால்வுகளோ நடுவில் கண்ணாடி வைத்தாற்போல இரு பக்கமும் ஒரே ஒழுங்கில் அமைந்தவை. ஆகவே ஒரு வால்வு உச்சமாகத் திறக்கும் நேரத்தில் அதன் சோடி முழு ஓய்வில் இருக்கும். ஐயாவுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. பஸ் சாலையில் அவருக்குப் பழக்கியவர் கணக்கை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பல ஆண்டுகளின் பின் மாஸ்ரர் காரணத்தைச் சொன்னபோது, "அப்ப நான் செய்தது சரிதானே?" என்று கேட்டாராம்.

இடைவெளி 0.012 அங்குலம், மில்லிமீற்றரில் ஏறக்குறைய 0.30. அளவுத் தகடு இடையில் போகவும் வேண்டும், இழுக்கும்போது இலேசாகப் பிடிக்கவும் வேண்டும். 'இலேசாக' என்பது எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. ஐயா ஒரு வால்வைச் சரிசெய்து, தகட்டை என் கையில் தந்து இழுக்கச் சொன்னார். அடுத்ததை இறுக்கமாக விட்டு மறுபடி இழுக்கச் சொன்னார். மூன்றாவதைத் தளர்வாக விட்டார். கற்பித்தல் என்றால் அவருக்கு இவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது.

"சத்தம் போடுற டப்பெட்டுக்குப் பயமில்லை. சத்தமே இல்லாததுக்குத்தான் நான் பயப்பிடுவன்" என்றார். தளர்ந்திருந்தால் 'டக் டக்' என்று அடிக்கும், தேயும், ஆனால் காட்டிக் கொடுத்துவிடும். இறுகியிருந்தால் வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராது. வால்வின் சூடு பெரும்பாலும் அந்த இருக்கை வழியாகத்தான் வெளியேறுகிறது. அமராத வால்வு சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் விளிம்பில் கருகும். வெளியிலோ எஞ்சின் பட்டுப்போல ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் காரின் காலத்தைச் சொல்லியாக வேண்டும். மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 'மினி'யையும் உருவாக்கியவர். 1948இல் வெளிவந்த மைனர், உற்பத்தியில் பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார். இலங்கையில் 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியது. 1977இல்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த காரைக் கழற்றிப் பூட்டியே ஓட்டினார்கள். ஒஸ்ரின், மொரிஸ், ஹில்மன் எல்லாம் இந்த மண்ணில் இவ்வளவு காலம் நின்றதற்கு முதற்காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் போர். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றரி, உதிரிப்பாகம், சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் இல்லை. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் பங்கீட்டில், இல்லாவிட்டால் கொள்ளை விலையில். கார்கள் அதில் ஓடத் தொடங்கின.

மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தோட்டக்காரர் நீர் இறைத்த இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுபவைதான். பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு வெப்பம் வேண்டும். தோட்டத்து அறிவு அப்படியே காருக்கு ஏறியது. கொஞ்சம் பெற்றோலைச் சிறு போத்தலில் ஊற்றி, சேலைன் குழாயால் காபரேற்றருக்குத் தொடுத்து, அந்தச் சில சொட்டுகளில் எஞ்சினைக் கிளப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள்.

மைனர் எஞ்சினில் இதற்கு வாய்ப்பான ஒரு அமைப்பு இருந்ததை ஐயா தொட்டுக் காட்டினார். காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. புகைக்குழாயின் சூடு உள்வழியையும் சூடாக்கும். மண்ணெண்ணெய் ஆவியாக அது உதவியது. ஆனால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடிக்கும் குணமுள்ளது. எஞ்சின் உள்ளுக்குள் அடிபடும். அதற்கு டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பிப் பொறியைப் பிந்தவைத்தார்கள். சிலர் எஞ்சின் தலைக்குக் கீழே கூடுதல் கஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார்கள். இதே 948 சிசி எஞ்சினைத் தொழிற்சாலையே இரண்டு விதமாகச் செய்தது: 8.3க்கு 1 அமுக்கத்தில் ஒன்று, மட்டமான பெற்றோலுக்காக 7.2க்கு 1 அமுக்கத்தில் இன்னொன்று. தொழிற்சாலை வரைபடத்தில் செய்ததை இவர்கள் வளவில் கஸ்கெற் வெட்டிச் செய்தார்கள். இதை நான் வியந்து சொல்கிறேன். ஐயா அப்படிச் சொல்லவில்லை. "வேறை என்ன செய்யிறது?" என்பதுதான் அவர் பேச்சு.

அந்த ஆண்டுகளில் கார்க்காரரைக் காப்பாற்றியது எண்ணெய்க் கம்பி. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். மற்றக் கார்களில் எண்ணெய் குறைந்தால் பயம். இங்கே எண்ணெய் கூடினால் பயம். கம்பியில் அளவு ஏறியிருந்தால், எண்ணெய் நீர்த்துவிட்டது, இனி அது உராய்வைத் தாங்காது என்று அர்த்தம். தினமும் காலையில் கம்பியை இழுத்து, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்க்கும் பழக்கம் மாஸ்ரருக்கு இன்றும் விடவில்லை. பிளக்குகளில் கரி படியும். கழற்றித் தேய்த்துப் போட வேண்டும். பற்றரி செத்துக்கொண்டிருந்தது. பொறிக்கு மட்டும் போதுமான உயிர் அதில் மிச்சமிருந்தால், கைபிடி சுற்றி எஞ்சினைக் கிளப்பிவிடலாம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்தில் இந்தக் காரும் இருந்தது. பின் இருக்கையில் நடக்கமுடியாத தாயார். கூட்டம் அடி அடியாக நகர, எஞ்சின் மெதுவோட்டத்தில் குளிர்ந்து பிளக் நனைந்து நின்றுவிடும். கிளப்பப் பெற்றோல் சொட்டுகள்தான் உண்டு, அதை வீணாக்க முடியாது. அதனால் பெரும்பகுதித் தூரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். மாஸ்ரர் இதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வால்வு வேலை முடிந்ததும் முன்சில்லுகளுக்குக் கிறீஸ் அடிக்கும் வேலை. பார்ப்பதற்கு மிகச் சிறிய வேலை. உயிர் காக்கும் வேலையும் இதுதான். மைனரின் முன்சில்லைத் தாங்கும் தண்டு மேலும் கீழும் மரை வெட்டிய முளைகளில் திரும்புகிறது. கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேயும். ஒரு நாள் மரை முழுதாக விட்டுக்கொடுக்கும். சில்லு காருக்குக் கீழே மடிந்து விழும். உலகெங்கும் மைனர் வைத்திருப்பவர் எல்லாரும் அறிந்த பலவீனம் இது. கார் நிலத்தில் நிற்கும்போது கிறீஸ் அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குள் அது புகாது. தூக்கிவைத்துத்தான் அடிக்க வேண்டும்.

கோண்டாவில் செம்மண்ணில் ஜக் புதையும். அதனால் முதலில் தடித்த பலகை, அதன்மேல் ஜக். கார் உயர்ந்ததும் இரு பக்கமும் பனங்குத்தி. ஜக்கை மட்டும் நம்பி யாரும் கீழே தலையை நீட்டக்கூடாது என்பதில் ஐயா மிகக் கடுமையானவர். பேரன் ஒரு ஸ்பானரை எடுக்கக் கையை உள்ளே விட்டதற்கே உரத்துப் பேசினார். வீட்டு வளவில் வேலை செய்பவருக்கு மேலாளர் இல்லை, விதிப்பலகை இல்லை. இந்தக் குரல்தான் பாதுகாப்பு.

புதுக் கிறீஸ் உள்ளே போக, பழையது கறுப்பாக விளிம்பில் பிதுங்கியது. வலப்பக்கம் சரி. இடப்பக்கச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஐயா ஆட்டினார். சிறு அசைவு. மறுபடி ஆட்டினார். பேரனை ஆட்டச் சொல்லித் தான் கீழ்முளையில் விரல் வைத்துப் பார்த்தார். "மரை போட்டுது" என்றார்.

கீழே தகரம் எப்படியென்று நானும் குனிந்து பார்த்தேன். கடற்காற்று எதையும் விடாது; தரைத்தகடு இரண்டு மூன்று தலைமுறை ஒட்டுகளோடு இருந்தது. பழைய எஞ்சின் எண்ணெயை ஒரு வாளியில் இறக்கி, மூடியுள்ள கானுக்கு மாற்றினார்கள். ஒரு சொட்டும் மண்ணில் விழவில்லை. குடாநாட்டுக்குக் குடிநீர் கிணற்று நீர்தான். கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது எளிதில் நீருக்குப் போய்விடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015இல் பெரிதானபின் இந்த வளவில் இது எழுதாத சட்டம்.

பேரன் தன் வேலையைப் பற்றி உற்சாகமாகப் பேசினான். ஹைபிரிட் காரின் பற்றரிப் பெட்டியைத் திறந்து, செத்த செல்லை மட்டும் மாற்றி மறுபடி ஓடவைக்கிறார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. நடுவில் 2022இல் எரிபொருளே இல்லாமல் போய், கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தது. அந்த ஆண்டுகளில் பழுதைத் தூக்கியெறிய யாருக்கும் வசதியிருக்கவில்லை. ஆகவே பழைய கார் நல்லது, புதிய கார் கெட்டது என்று நான் எழுத மாட்டேன். பேரன் செல்லைப் பிரித்தெடுப்பதும் பாட்டன் வால்வைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரே தொழில்.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடமுடியாது. மாஸ்ரரிடம் காரோடு வந்த ஓட்டுநர் கையேடு இன்னும் இருக்கிறது. வால்வு இடைவெளியை எப்படிச் சரிசெய்வது, எங்கே கிறீஸ் அடிப்பது, எல்லாம் அதில் உள்ளன. கார் வாங்கியவர் பொனற்றைத் திறப்பார், திறக்க வேண்டும் என்று எண்ணிச் செய்த தொழிற்சாலை அது. பேரன் வேலை பார்க்கும் கார்களின் கையேடுகள் பல இடங்களில் முகவரிடம் கொண்டுபோகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அறிவுறுத்தல் இல்லாமலே அவனும் அவன் தோழர்களும் கண்டுபிடித்துக் கற்கிறார்கள். பொருளைச் செய்தவர் அதைத் திறக்கும் வழியையும் வாங்கியவருக்குத் தரவேண்டும். தராவிட்டால், அடுத்த நெருக்கடியில் தெருவோரம் நிற்கப்போவது நாம்தான். 1990களில் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோன பல கார்கள், திறக்கக்கூடியவையாக இருந்ததால் மட்டுமே ஓடின.

புது எண்ணெய் விட்டு, பிளக்குகளைப் பூட்டி, எஞ்சினைக் கிளப்பினார்கள். சில்லு பனங்குத்திமேல் தொங்க, எஞ்சின் நிதானமாக ஓடியது. ஐயா ஒரு நீளமான ஸ்குறூ டிறைவரின் நுனியை வால்வு மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். எட்டும் பேசுகின்றன என்றார். பிறகு இடப்பக்க முளையைக் கழற்றிச் சீலையில் சுற்றிப் பேரனிடம் கொடுத்தார். சுன்னாகத்தில் ஒரு கடைசல் பட்டறையில் புதிதாக மரை வெட்டலாம், செவ்வாய்க்குள் தருவார்கள்.

மாஸ்ரரின் மனைவி தேநீரோடு வந்தார். நாளைக்கு நல்லூருக்குப் போகவேண்டும், கார் ஆயத்தமாகிவிடுமா என்று கேட்டார்.

"பஸ்ஸிலை போங்கோ ரீச்சர்" என்றார் ஐயா. "அந்த முளை வராமல் இந்தக் கார் படலை தாண்டாது."