பழைய எட்டாம் நம்பரை மறுபடி எடுக்கலாமா?

இந்த வருஷம் மாசி மாசத்துல ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு எங்க டீம் வட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. "அண்ணன் ஊருக்கு வந்துட்டாரு. திரும்ப விளையாடணுமாம். எடுக்கிறதா, இல்லையா?"

அதுக்குப் பிறகு ஒரு மணி வரைக்கும் எங்கள்ல யாரும் தூங்கல. மெசேஜ் மேல மெசேஜ். அரசியல் பேசினாக்கூட அவ்வளவு சண்டை வராது.

முதல்ல எங்களைப் பற்றிச் சொல்லிடுறோம். நாங்க ஹந்தானைப் பக்கம். கீழே கண்டி டவுன், அந்தப் பக்கம் பேராதனைப் பல்கலைக்கழகம், நடுவுல நாங்களும் தேயிலையும் பனியும். கண்டி என்றாலே எல்லாருக்கும் றக்பிதான். நித்தவெலவுல மெட்ச் என்றால் டவுனே அந்தப் பக்கம் திரும்பும். உதைபந்தாட்டத்துக்குக் கீழே போகம்பரை இருக்கு. எங்களுக்கு இருக்கிறது லயத்துக்கு மேல ஒரு துண்டு நிலம். ஒரு பக்க கோல் போஸ்ட் மற்றப் பக்கத்தை விட ஒரு முழம் பள்ளம். பந்து வெளியே போனா தேயிலைக்குள்ள இறங்கித் தேடணும், அட்டை கடிச்சிட்டுத்தான் திரும்பி வரணும். அந்த நிலத்துல பந்தைக் காலோட ஒட்டி வைச்சு விளையாடத் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். எட்டாம் நம்பர். நடுக்களம்.

எங்கள்ல பாதிப் பேர் உதைபந்தாட்டம் பார்த்துப் பழகினதே அவரைப் பார்த்துத்தான். மற்றவங்க பந்து வந்த பிறகு என்ன செய்யலாம்னு யோசிப்பாங்க. அவர் பந்து வர்றதுக்கு முன்னாலேயே ஒரு தடவை தோளுக்குப் பின்னால பார்த்திருப்பார். பள்ளத்துப் பக்கம் விளையாடும்போது பந்தை மெதுவா விடணும், மேட்டுப் பக்கம் விளையாடும்போது இறுக்கி அடிக்கணும். அதை எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான்.

பிறகு ஒரு வருஷம், இறுதி மெட்சுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, டவுன் டீம் ஒண்ணு காசு தர்றதாச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. போயிட்டார். எங்களுக்குச் சொல்லவும் இல்ல. அந்த இறுதி மெட்சுல நாங்க தோத்தோம். அதுக்கப்புறம் அவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகள்ல அங்கே விளையாடுறார்னு கேள்விப்பட்டோம். பிறகு முழங்கால்ல அடின்னு கேள்விப்பட்டோம். 2022 நெருக்கடியில கடை படுத்துச்சு, வேலையும் போச்சு. அங்கே இங்கே கூலி வேலை செஞ்சு பார்த்துட்டு இப்ப திரும்பி வந்திருக்கார். வயசு இருபத்தொன்பது. கொஞ்சம் சதை போட்டிருக்கு. படியிறங்கும்போது வலது காலைப் பார்த்துத்தான் வைக்கிறார்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு டூர்னமென்ட் வருது. எடுக்கிறதா, இல்லையா?

குரூப்ல மூணு கட்சி. முதல் கட்சி, "அண்ணன் இல்லாம நமக்கு ஏது டீம்? வரச் சொல்லு." ரெண்டாவது கட்சி, "அன்னைக்கு விட்டுட்டுப் போனவருக்கு இன்னைக்கு என்ன உரிமை?" மூணாவது கட்சி சின்னது, ஆனா அதுதான் சரியான கேள்வியைக் கேட்டுச்சு. "முழங்கால் எப்படி இருக்குன்னு யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கல.

எங்களுக்கு ஒரு பழக்கம். எங்க பிரச்சினைக்கு விடை தெரியலன்னா பெரிய கழகங்கள் என்ன செஞ்சதுன்னு பார்ப்போம். அவங்களுக்குக் கோடிக்கணக்குல காசும் டாக்டர்களும் இருக்கு, எங்ககிட்ட ஒரு பந்தும் காற்றடிக்கிற பம்பும் இருக்கு. ஆனாலும் கேள்வி ஒண்ணுதான். ஒரு காலத்துல நம்மகிட்ட பெரிய ஆளா இருந்தவர், இப்ப தடுமாறுறார். கதவைத் திறக்கலாமா?

உலகத்துக்கே தெரிஞ்ச கதை போல் போக்பாவோடது. 2012ல மன்செஸ்டர் யுனைட்டெட்டை விட்டு ஜுவென்டஸுக்குப் போனார். நாலு சீசன், நாலு லீக் கிண்ணம். 2016ல அதே யுனைட்டெட் 89 மில்லியன் பவுண் கொடுத்து அவரைத் திரும்ப வாங்கிச்சு. அப்போ உலகத்துலேயே அதுதான் பெரிய விலை. ஆறு வருஷத்துக்குப் பிறகு 2022ல ஒரு சதமும் வாங்காம வெளியே விட்டுச்சு. உடனே ஜுவென்டஸ் திரும்பக் கூப்பிட்டுச்சு. பழைய வீடு, பழைய பத்தாம் நம்பர் சட்டை, விமான நிலையத்துலேயே ரசிகர் கூட்டம்.

வந்த மாசமே முழங்கால் சவ்வு கிழிஞ்சுது. ஒப்பரேஷனை முதல்ல தள்ளிப்போட்டார், கட்டார் உலகக் கிண்ணத்துக்குப் போயிடலாம்னு. கடைசியில செப்டெம்பர்ல ஒப்பரேஷனும் செய்ய வேண்டி வந்துச்சு, உலகக் கிண்ணமும் போச்சு. 2023 மே மாசத்துல கிரெமொனேசேவுக்கு எதிரா முதல் தடவையா ஆரம்பத்திலிருந்தே இறங்கினார். அரை மணி நேரம்கூட ஆகல, தொடையைப் பிடிச்சுக்கிட்டு அழுதபடி வெளியே வந்தார். அந்த வீடியோவை நாங்க எல்லாரும் பார்த்தோம். அதுக்கப்புறம் ஊக்கமருந்துச் சோதனை, நாலு வருஷத் தடை. மேன்முறையீட்டுல அது 18 மாசமாக் குறைஞ்சுது. ஆனா தடை முடியிறதுக்கு முன்னாலேயே, 2024 நவம்பர்ல, ஜுவென்டஸ் ஒப்பந்தத்தை முடிச்சுக்கிடுச்சு. 2025ல மொனாக்கோ அவரை எடுத்துச்சு. கையெழுத்துப் போடும்போது அவர் அழுததும் வீடியோவாக வந்துச்சு.

ரெண்டாவது கட்சிக்காரங்க இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. "பார்த்தீங்களா? திரும்பி வந்தவன் கதை இதுதான்."

ஆனா ஒரு உதாரணத்தை வைச்சுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பொருசியா டோர்ட்மண்டைப் பாருங்க. கொஞ்ச வருஷத்துக்குள்ள மூணு பேரைத் திரும்ப எடுத்தாங்க, மூணு பேரும் நடுக்களம். நூரி ஷாஹின் 2011ல சாம்பியனா இருக்கும்போது ரியல் மெட்ரிட்டுக்குப் போனார். அங்கே காயம், பிறகு லிவர்பூலுக்கு இரவல், அங்கேயும் சரிவரல. 2013 ஜனவரியில டோர்ட்மண்டுக்கே இரவலா வந்தார். அந்த சீசன்ல அணி சாம்பியன்ஸ் லீக் இறுதி வரைக்கும் போச்சு. ஷாஹின் வந்ததால போச்சுன்னு சொல்ல முடியாது, அணி ஏற்கெனவே ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா அவருக்குத் தனக்குத் தெரிஞ்ச ஒரு இடம் கிடைச்சுது. ஷின்ஜி ககாவா மன்செஸ்டர்ல ரெண்டு வருஷம் இருந்துட்டு 2014 ஓகஸ்ட் கடைசியில திரும்பி வந்தார். முதல் சீசன் அணியே தடுமாறி ஏழாவது இடம். அடுத்த சீசன்லதான் பழைய ககாவாவைப் பார்க்க முடிஞ்சுது. மரியோ கோட்ஸே, 2014 உலகக் கிண்ண இறுதியில ஜெர்மனிக்கு வெற்றிக் கோல் அடிச்சவர், 2016ல பயர்ன் மியூனிக்லருந்து திரும்பினார். அடுத்த வருஷமே உடம்புல வளர்சிதை மாற்றக் கோளாறுன்னு கண்டுபிடிச்சாங்க. அவ்வளவு நாளும் "சோம்பேறி, கொழுத்துட்டான்"னு எழுதினவங்க அப்பதான் வாயை மூடினாங்க. டோர்ட்மண்டுல அவர் பழைய உயரத்துக்கு வரவே இல்ல. ஆனா பிஎஸ்வி, ஃப்ராங்ஃபர்ட்னு போய் 2022 உலகக் கிண்ணத்துல திரும்ப ஜெர்மனிக்கு விளையாடினார்.

ஒரே கழகம், ஒரே முடிவு, மூணு விதமான விளைவு. கோட்ஸே கதை எங்களை ரொம்ப நேரம் பேசாம வைச்சுது. ஒரு ஆள் ஏன் தடுமாறுறார்னு தெரியாமலே நாங்களும் காரணம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தோம். "குடிக்கிறாராம்", "திமிராம்". எல்லாமே கேள்விப்பட்டது.

அப்புறம் நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு. சென்னையின் எஃப்.சி.யை நாங்க யூடியூப்ல விடாம பார்ப்போம், தமிழ் கொமென்ட்ரிக்காகவே. 2019ல பிரேசில்காரர் ரஃபாயெல் கிரிவெல்லாரோ அங்கே வந்தார். அந்த சீசன்ல முதல் நாலு மெட்சுல சென்னை ஒரு கோல்கூட அடிக்கல. பயிற்சியாளர் மாறினார், ஓவன் கொயில் வந்தார், அதுக்குப் பிறகு அணியே வேற. கொச்சியில கேரளா பிளாஸ்டர்ஸை 6-3ன்னு அடிச்ச மெட்ச் இன்னும் எங்க போன்ல இருக்கு. வல்ஸ்கிஸ் கோல் அடிப்பார், அந்தப் பந்து எங்கேயிருந்து வந்துச்சுன்னு திரும்பிப் பார்த்தா கிரிவெல்லாரோ நிற்பார். 2020 மார்ச் 14, கோவாவுல இறுதி மெட்ச். கொரோனாவால ஆளே இல்லாத மைதானம். ஏடிகே 3-1ன்னு ஜெயிச்சுது.

அடுத்த சீசன் அவர்தான் கப்டன். பாதியிலேயே காயம், சீசன் முடிஞ்சுது. கழகத்தை விட்டுப் போனார். அங்கே இங்கே விளையாடிட்டு 2022ல ஜம்ஷெட்பூருக்கு வந்தார். அந்த அணி பத்தாவது இடம். 2023ல கொயில் திரும்பச் சென்னைக்கு வந்ததும் கிரிவெல்லாரோவையும் கூட்டிக்கிட்டார். வயசு முப்பத்துநாலு. "பழைய நினைப்புல எடுத்துட்டாங்க"ன்னு நாங்களே கிண்டல் பண்ணினோம்.

என்ன நடந்துச்சு? அற்புதம் ஒண்ணும் நடக்கல. அவமானமும் நடக்கல. தொடர்ந்து மூணு சீசன் எட்டாவதா வந்த அணி ஆறாவதா வந்து பிளே-ஓஃப் போச்சு, அங்கே கோவாகிட்ட 2-1ன்னு தோத்துச்சு. 2019-20ல இருந்த அந்த கிரிவெல்லாரோ திரும்பி வரல. வந்தது வேற ஒருத்தர், நாலு வருஷம் கூடின ஆள். அணி அவர் ஒருத்தரைச் சுற்றிக் கட்டப்படல, அதனால அவர் பழைய ஆளா இல்லாததால அணி விழவும் இல்ல. ஒரு வருஷத்துல மரியாதையாப் பிரிஞ்சாங்க.

இதையெல்லாம் அடுக்கி வைச்சுப் பார்த்தப்போ எங்களுக்கு ஒண்ணு விளங்கிச்சு. தப்பு ஆளைத் திரும்ப எடுக்கிறதுல இல்ல. காலத்தைத் திரும்ப எடுக்கலாம்னு நினைக்கிறதுலதான் இருக்கு. பழைய நம்பர், பழைய இடம், பழைய எதிர்பார்ப்பு மூணையும் ஒருத்தர் தலையில வைச்சா, நல்ல முழங்கால்கூட தாங்காது. அடிபட்ட முழங்கால் எப்படித் தாங்கும்?

இன்னொண்ணையும் சொல்லணும். இதை நாங்க கடைசியிலதான் யோசிச்சோம், அதுக்கு வெட்கப்படுறோம். இப்ப எங்க எட்டாம் நம்பர் ஒரு பதினேழு வயசுப் பையன். ஓ/எல் முடிச்சவன். பாலர் வகுப்புல இருக்கும்போது கோல் போஸ்டுக்குப் பின்னால உட்கார்ந்து அண்ணனுக்குப் பந்து பொறுக்கிப் போட்டவன். அவ்வளவு சண்டையிலயும் குரூப்ல அவன் ஒரு மெசேஜ்கூடப் போடல. எல்லாரும் தூங்கப் போன பிறகு ஒரு வரி எழுதியிருந்தான். "அண்ணன் வந்தா நான் பெஞ்சுல இருக்கேன். பரவால்ல."

பரவால்லன்னு சொல்றவனுக்குத்தான் முதல்ல பரவாயிருக்கும். பெரிய கழகம் பழைய வீரரைத் திரும்ப எடுத்தா செலவைக் கணக்குப்பிள்ளை எழுதிடுவார். எங்க மாதிரி டீம்ல அந்தச் செலவை ஒரு சின்னப் பையன் தன் நிமிஷங்களால கட்டுறான். லயத்துப் பையனுக்குப் பதினேழு வயசுக்குப் பிறகு எத்தனை சித்திரை டூர்னமென்ட் இருக்கு? அடுத்த வருஷம் அவனும் கொழும்புல ஏதாவது கடையில நிற்கலாம். அண்ணன் கதையே அதுதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள்ல நாலு பேர் அண்ணன் வீட்டுக்குப் போனோம். பிளேன்ரீ கொடுத்தாங்க அம்மா. கேட்க வேண்டியதை நேராவே கேட்டோம். முழங்கால் எப்படி? "ஒரு மணி நேரம் ஓடினா அடுத்த நாள் வீங்கும்." டாக்டர் என்ன சொன்னார்? "ஆறு மாசம் எக்ஸர்சைஸ் செய்யச் சொன்னார். ரெண்டு மாசம் செஞ்சேன்." அப்புறம் எங்கள்ல ஒருத்தன் மற்றதையும் கேட்டுட்டான். அன்னைக்கு ஏன் அண்ணே சொல்லாமப் போனீங்க?

கொஞ்ச நேரம் பேசல. பிறகு சொன்னார், "அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருந்துச்சுடா. உங்களுக்குச் சொல்லியிருந்தா போக விட்டிருக்க மாட்டீங்க. விடலன்னா நான் போயிருக்க மாட்டேன்."

அது எங்க கோபத்தை முழுசா ஆற்றிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டோம். சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா இத்தனை வருஷமா நாங்களும் போய்க் கேட்டிருக்கலாம்.

முடிவு இது. அண்ணன் டீம்ல இருக்கார். எட்டாம் நம்பர் பையன்கிட்டேயே இருக்கு. சித்திரை டூர்னமென்டுல அண்ணன் பெயர் பட்டியல்ல இல்ல, முழங்கால் அதுக்குத் தயாரில்ல. மிச்சம் இருக்கிற எக்ஸர்சைஸை முடிச்சிட்டு வந்தா, தீபாவளி மெட்சுல கடைசி இருபது நிமிஷம், எந்த இடம்னு அப்ப பார்ப்போம். அதுவரைக்கும் வாரத்துல மூணு நாள் பிராக்டிஸ் நடத்துறது அவர் பொறுப்பு. முதல் கட்சிக்கு இது குறைவு, ரெண்டாவது கட்சிக்கு இது கூட. ரெண்டு பேருக்கும் பிடிக்காததால சரியான முடிவாத்தான் இருக்கும்னு மூணாவது கட்சி சொல்லுது.

டூர்னமென்டுல அரையிறுதியில தோத்தோம், பெனால்டியில. பையன் ஒரு பெனால்டியை வெளியே அடிச்சான். பந்து வழக்கம்போலத் தேயிலைக்குள்ள போச்சு. எடுக்க இறங்கினது அண்ணன், வலது காலைப் பார்த்துப் பார்த்து வைச்சுக்கிட்டு. பந்தோட மேலே வந்து பையன்கிட்டக் கொடுத்துட்டு என்னவோ சொன்னார். என்ன சொன்னார்னு ரெண்டு பேரும் இன்னும் எங்களுக்குச் சொல்லல. ஆனா மறுநாள் பிராக்டிஸுக்குப் பையன்தான் முதல்ல வந்து நின்னான்.